கணினி ஆராய்ச்சியாளர்கள் விடும் ‘இன்னும் 20 ஆண்டில்’ அறிக்கைகளை நம்பலாமா?

கேள்வி: “இன்னும் 20 ஆண்டில் கணினி இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று ஆராய்ச்சியாளர்கள் கூடித் தொலைநோக்கு அறிக்கை வெளியிட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. இதெல்லாம் பலிக்கிறதா, இல்லை வெறும் பேச்சா?”

பதில்:

அப்படி ஒரு அறிக்கைக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்த ஆள் நான். அதனால் உள்ளே நடப்பது கொஞ்சம் தெரியும்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எங்கள் துறையில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாள். தோன்றும் கனவையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மதியம் வரை வரைவில் “10 ஆண்டுகளில்” என்றுதான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு மூத்த பேராசிரியர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, “பத்துன்னு போட்டா எவனாவது ஞாபகம் வெச்சு வந்து கேப்பான். இருபதுன்னு போடுப்பா, அப்ப நான் ரிட்டயர்டு” என்றார். மாற்றினேன். எங்கள் 20 அப்படி வந்த 20.

இதை வைத்து எல்லாமே டுபாக்கூர் என்று சொல்ல மாட்டேன். இந்த அறிக்கைகளில் பெரும்பாலும் பணம் கேட்டு எழுதும் விண்ணப்பம்தான் ஒளிந்திருக்கும். ஒரு பாதி கனவு, ஒரு பாதி புகார். “எங்களிடம் இது இல்லை, இது இதோடு ஒட்டவில்லை, வேலை நின்றுபோகிறது” என்று எங்கோ நடுப்பக்கத்தில் முனகியிருப்பார்கள். நான் முதலில் தேடுவது அந்த முனகலைத்தான். கனவு எழுதும்போது மனிதன் கொஞ்சம் அளப்பான். புகார் எழுதும்போது தன் மேசையைப் பார்த்துக்கொண்டே எழுதுவான்.

1963 ஏப்ரல் 23 தேதியிட்ட லிக்லைடரின் குறிப்பாணையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பில், கணினி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் பிரிவின் தலைவர் அவர். பெறுநர் இடத்தில் ‘விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான கணினி வலையமைப்பின் உறுப்பினர்கள்’ என்று விளையாட்டாகப் போட்டிருந்தார். இணையத்துக்கு ஜாதகம் கணித்த கடிதம் என்று இன்றைக்குக் கொண்டாடுகிறார்கள். படித்துப் பார்த்தால் தொடக்கமே மன்னிப்பு: மே 3 அன்று பாலோ ஆல்டோவில் வைத்திருந்த கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அப்புறம் அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரே தலைவலி. ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒரு நிரல்மொழி, ஒரு கட்டளை முறை. அங்கே எழுதியதை இங்கே இருப்பவன் எடுத்துப் பயன்படுத்துவது எப்படி?

மூன்று ஆண்டு கழித்து அதே நாற்காலிக்கு பாப் டெய்லர் வந்தார். பென்டகனில் அவர் அறையில் தொலைவிலுள்ள கணினிகளோடு பேசும் கருவிகளான முனையங்கள் மூன்று இருந்தன: ஒன்று எம்ஐடிக்கு, ஒன்று பெர்க்லிக்கு, ஒன்று சான்டா மோனிகாவுக்கு. ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஊரில் இருப்பவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், எழுந்து அடுத்த முனையத்துக்குப் போய், வேறு கட்டளைகளைப் போட்டு உள்ளே நுழைய வேண்டும். லிக்லைடரின் அதே புகார், இப்போது எழுந்து உட்காரும் வேலையும் சேர்ந்துவிட்டது. இந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று டெய்லர் மேலதிகாரியிடம் போய்ப் பணம் வாங்கி வந்தார். 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். எல், ஓ என்று இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கக் கணினி படுத்துவிட்டது. உலகமே பயன்படுத்தும் வலைக்கு இப்படி ஒரு போணி!

இதற்கு நேர்மாறு ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம். 1982இல் டோக்கியோவில் ஐகாட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கசுஹிரோ ஃபுச்சி தலைமையில் 10 ஆண்டுக் கெடு வைத்தார்கள். கணினி தர்க்கம் பண்ணும், மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளும் என்றார்கள். அதற்கென்றே புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழியின் வழிவந்த மொழிகள், அதற்கென்றே தனி இயந்திரங்கள். உலகமே பதறிப்போனது. பிரிட்டன் ஆல்வி திட்டத்தைத் தொடங்கியது, அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆளுக்கொரு திட்டத்தில் பணத்தைக் கொட்டின. நம் ஊரிலும் 1986இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு அறிவுசார் கணினி ஆய்வு தொடங்கியது. அதில் வல்லுநர் அமைப்புகளுக்கான, அதாவது ஒரு துறை நிபுணரைப் போல முடிவு சொல்லும் மென்பொருள்களுக்கான, மையம் ஐஐடி மெட்ராஸில் இருந்தது.

10 ஆண்டு முடிந்தபோது சுமார் 5,400 கோடி யென் செலவாகியிருந்தது. பல செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இணைக் கணினிகளைக் கட்டிக் காட்டினார்கள், அது பொய்யில்லை. ஆனால் அதற்குள் கடையில் விற்ற சாதாரணக் கணினிகளே வேகத்தில் எட்டிப் பிடித்துவிட்டன. தனி இயந்திரத்துக்கு ஆள் இல்லை. மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டார்கள். கனவு போயிற்று. ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஏன் பணம் வேண்டும் என்று சொன்ன இடத்தில் முதியோர் பெருகும் சமூகம், அலுவலக வேலையில் குறைந்த உற்பத்தித்திறன் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஜப்பான் இன்றைக்கும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறது.

அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியாளர் மார்க் வைசர் கதை இன்னும் வேடிக்கை. 1991இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ என்ற ஆய்வகத்திலிருந்து எழுதும்போது, உள்ளங்கை அளவு, காகித அளவு, சுவர்ப்பலகை அளவு என்று மூன்று அளவில் ஓர் அறைக்கு நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கும் என்றார். முதல் இரண்டும் உங்கள் பையிலேயே இருக்கும். ஆனால் அவருடைய புகார், கணினி மனிதனின் கவனத்தைப் பிடுங்குகிறது என்பது. அது கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று விரும்பினார். இதை எழுதி முடிப்பதற்குள் என் போன் நான்கு முறை டிங் அடித்துவிட்டது.

சமீபத்தியது வேண்டுமென்றால், 2019 ஆகஸ்டில் வந்த செயற்கை நுண்ணறிவுக்கான 20 ஆண்டு வரைபடம். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவோடு இயங்கிய கம்ப்யூட்டிங் கம்யூனிட்டி கன்சார்ட்டியம் என்ற குழு, யோலண்டா கில், பார்ட் செல்மன் தலைமையில் தயாரித்தது. 20 ஆண்டுக்குப் போட்ட வரைபடம். மூன்றே ஆண்டில், 2022 நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வந்து நின்றது. கால அட்டவணை அவ்வளவுதான். ஆனால் அந்த அறிக்கையின் புகார் என்ன? தரவும் கணிப்பொறித் திறனும் பெரிய நிறுவனங்கள் கையில் இருக்கின்றன, பல்கலைக்கழகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது. அது நாளுக்கு நாள் இன்னும் உண்மையாகிக்கொண்டே போனது. 2024 ஜனவரியில் அதே அறக்கட்டளை, ஆராய்ச்சியாளர்களுக்குக் கணிப்பொறி வசதி கொடுக்கத் தனியாக ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது.

சரி, எங்கள் அறிக்கையில் புகார் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, நான்தான் எழுதினேன். மதியம் மூன்று மணிக்கு மேல் சர்வர் அறையில் ஏசி நின்றுவிடும்; இரவெல்லாம் ஓட வேண்டிய வேலை பாதியில் செத்துவிடும். ஒரு முழுப் பத்தி. தொலைநோக்கு அறிக்கையில் ஏசியைப் பற்றியா எழுதுவார்கள் என்று கடைசி வடிவத்தில் எடுத்துவிட்டார்கள். போன மாதம் அங்கே படிக்கும் ஜூனியர் ஒருவனிடம் பேசினேன். இப்போது இரண்டரைக்கே நின்றுவிடுகிறதாம்.