சென்சாரை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

கே: ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யலாமா?

ப: கூடாது. காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதன் வழியே நுழையும் தூசி சிலிண்டர் சுவரை அரித்துவிடும். புதியது போடுங்கள்.

கே: ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவது பழக்கம். தவறா?

ப: தவறுதான். எரிபொருள் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் சூடு தணிகிறது. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கே: எரிபொருள் கலவை மெலிந்திருப்பதாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று ஸ்கேனர் சொன்னது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினேன். ஒரே வாரத்தில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிகிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் மாற்றிவிடலாமா?

ப: மாற்றாதீர்கள்! இப்படி எத்தனை நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன! உள்ளே வரும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கிறது. சுமார் 15 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்று கணக்கிட்டு, இன்ஜெக்டரைச் சில மில்லிசெகண்டு திறக்கிறது இசியூ என்னும் இன்ஜின் கம்ப்யூட்டர். அளந்த இடத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று புகுந்துவிடும். அதைத்தான், புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உண்மையாகச் சொன்னது. நீங்கள் அதையே கழற்றி எறிந்துவிட்டீர்கள்.

ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் பாருங்கள்; இசியூ கணக்கிட்ட பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஐட்லிங்கில் 20 சதவீதம் கூடுதலாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால், பெரும்பாலும் காற்றுக் கசிவு. வேகம் கூடக்கூட ஏறினால் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைச் சோதியுங்கள். ஹோஸை வெளியே பார்த்தால் போதாது. மடிப்புகளைக் கையால் விரித்துப் பாருங்கள். நான் கண்ட விரிசல்களில் பல, வளைத்தால் மட்டுமே வாய் திறந்தவை. அப்போதும் அகப்படாவிட்டால், குழாய்க்குள் புகை செலுத்தி அது கசியும் இடத்தைப் பார்க்கும் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சோதிக்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

கே: கரும்புகை வருகிறது. என்ன செய்வது?

ப: பெட்ரோலா, டீசலா? டர்போ உண்டா? எப்போது வருகிறது? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு; இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். விவரத்துடன் எழுதுங்கள். அதுவரை, சோதிக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கே: என்னுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார். டேங்கில் ஊற்றும் க்ளீனர், இன்டேக் வால்வில் படிந்த கரியைப் போக்குமா?

ப: போக்காது. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வின் பின்புறத்தை அது தொடுவதே இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். நீங்களே இறங்காதீர்கள், இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் போகும் உயர் அழுத்தக் குழாயில் 200 பார், சில கார்களில் அதற்கும் மேல் அழுத்தம் இருக்கும்.