கேளுங்கள், சொல்கிறேன்: கரிமருந்துத் துப்பாக்கியும் மான் வேட்டை விதிகளும்

சென்ற இதழில் அமெரிக்காவிலிருந்து எழுதிய ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அங்கே குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைக்காலம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதே பேச்சு. வேட்டை என்றாலே பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே பிளின்ட்லாக் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார். வீட்டில் நல்ல ரைஃபிள் இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய இரும்பு?

பதில்: ரைஃபிள் இருக்கலாம், ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதியில் அந்த நாட்களில் அதை வைத்து மான் சுட்டால் குற்றம். அங்கே ரைஃபிள் காலம் நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாளை ஒட்டித் தொடங்கி டிசம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து ஜனவரி வரை போவது பிளின்ட்லாக் காலம். 1974-ல் ஆரம்பித்தது. தட்டினால் பற்றும் கேப் வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகூட அதில் செல்லாது, கல் உரசித் தீப்பொறி பறந்தாக வேண்டும்.

மாநிலம் இப்படிக் கூடுதல் நாள் கொடுப்பது தாராள மனசால் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை மான் இருக்கிறது, எத்தனை விழுந்தால் பரவாயில்லை என்று கணக்குப் பார்த்துத்தான் வேட்டைத் துறை ஆட்களைக் காட்டுக்குள் விடுகிறது. நூறு பேரை ரைஃபிளோடு விட்டால் விழும் மான்கள் வேறு, அதே நூறு பேரை ஒரே ஒரு வெடியோடு, அதுவும் பற்றுமா பற்றாதா என்று தெரியாத வெடியோடு விட்டால் விழும் மான்கள் வேறு. அடிக்கடி தவறவிடும் ஆயுதத்துக்கு நாளைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் அல்லவா? இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் சண்டை எல்லாம் இதிலிருந்து முளைத்ததுதான்.

கேள்வி: பிளின்ட்லாக், கேப்லாக், இன்லைன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாமே வாய் வழியாகக் கெட்டிக்கும் மசில்லோடர்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: கெட்டிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, பற்றவைப்பதில்தான் இருக்கிறது.

ஒரு நண்பர் பிளின்ட்லாக்கைக் கெட்டிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் அளவுக் குழாயில் கரிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்டினார் (75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம், இன்றும் அதே கலவைதான்). எச்சிலில் நனைத்த சின்னத் துணித்துண்டைக் குழல் வாயில் விரித்து, அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மிஞ்சிய துணியைக் கத்தியால் அறுத்துவிட்டு, நீளக் கோலால் அடிவரை தள்ளினார். கோலில் ஒரு கோடு கீறியிருந்தது. அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக வந்தால்தான் குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அப்புறம் பக்கவாட்டில் இருக்கும் குட்டிக் கிண்ணத்தில் இன்னும் பொடியான மருந்து ஒரு சிட்டிகை. விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணத்தில் விழுந்து, அந்தத் தீ ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போய்... படிக்கவே எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். சுடும்போது முதலில் ஒரு ‘புஸ்’, அப்புறம் ஒரு ‘டும்’. இரண்டுக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் முகத்துக்கு முன்னாலேயே நெருப்பு எழும்போது கண்ணை மூடாமல், குறியை அசைக்காமல் நிற்பது பழகினால்தான் வரும். நான் சுட்ட முதல் மூன்று வெடியும் இலக்கு அட்டையைத் தொடவே இல்லை.

இந்தப் ‘புஸ்’தான் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரையும் கடுப்பேற்றியது. மனிதருக்குப் பறவை வேட்டையில் பைத்தியம், கிண்ணத்தில் நெருப்பைப் பார்த்ததுமே பறவை சுதாரித்துவிடுகிறது. தட்டினாலே பற்றிக்கொள்ளும் ரசாயனத்தை வைத்து ஒரு வழி கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் குட்டிச் செம்புத் தொப்பி மாதிரி இருக்கும் கேப். சுத்தியல் கேப்பைத் தட்டும், தீ உள்ளே பாயும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். அதுதான் கேப்லாக்.

இன்லைனில் கேப் பக்கவாட்டில் இருக்காது, குழலின் பின்பக்கம் மருந்துக்கு நேராக இருக்கும். தீ வளைந்து போக வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலும் 209 என்ற, ஷாட்கன் தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரைத்தான் வைக்கிறார்கள், அதன் தீ சாதாரண கேப்பைவிட பலமானது.

கேள்வி: இன்லைன் என்பதே ஏமாற்று வேலை, அதை மசில்லோடர் என்று சொல்லக்கூடாது என்கிறார் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். சரியா?

பதில்: பெரியவரின் கோபம் நியாயம்தான், சொன்ன வார்த்தைதான் தப்பு. வாய் வழியாகக் கெட்டிப்பது எதுவானாலும் மசில்லோடர்தான். நேர்கோட்டில் பற்றவைக்கும் யோசனைகூடப் புதிதல்ல, பழைய துப்பாக்கிகளில் ஆங்காங்கே உண்டு. அதை வேட்டைக்காரர் கைக்குப் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட். அவருடைய எம்கே-85 வந்தது 1985-ல்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. சபோ என்ற பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்த கூர்முனைக் குண்டு, அளக்கவே வேண்டாத மருந்து வில்லை, மேலே இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். துணி சுற்றிய உருண்டைக் குண்டோடு போகிறவர் 75 கெஜம், மிஞ்சினால் 100 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வார். நல்ல இன்லைன் வைத்திருப்பவர் 200 கெஜத்திலும் துணிந்து சுடுகிறார். தவறவிடும் ஆயுதம் என்பதற்காகக் கொடுத்த கூடுதல் நாள், தவறவிடாத ஆயுதத்துக்கும் அப்படியே கிடைத்துக்கொண்டிருக்கிறது. நான் பெரியவர் கட்சி. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கிண்ணத்தில் தீ தெரிந்து மான் அசைந்து, குண்டு தப்பான இடத்தில் பட்டு அது காயத்தோடு ஓடுவதைவிட, சட்டென்று பற்றும் துப்பாக்கியே மேல் என்று இன்லைன்காரர் சொன்னால் அவரை மடக்க என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: ஒரு மாநிலத்தில் ஸ்கோப் வைக்கலாம், அடுத்ததில் கூடாது. ஒரே நாடுதானே, எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாதா?

பதில்: கிடையாது. மான், எல்க் என்ற பெரிய மான் போன்றவற்றின் வேட்டை மாநிலத்தின் பொறுப்பு, ஒவ்வொரு மாநிலமும் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. கொலராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்லைன் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறது, ஆனால் மசில்லோடர் காலத்தில் ஸ்கோப் கூடாது, சபோ கூடாது, வில்லை மருந்தும் கூடாது. குழல் விட்டம் மானுக்குக் குறைந்தது .40 அங்குலம், எல்க்குக்கு .50. துப்பாக்கியை விட்டுவிட்டு, அதில் ஒட்டிக்கொண்டதை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

ஐடஹோ இன்னும் கறார். மசில்லோடருக்கென்று ஒதுக்கிய வேட்டையில், சுடத் தயாராக இருக்கும்போது கேப் வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும், 209 பிரைமருக்கே இடமில்லை. யூட்டாவோ இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டது. 2016-ல் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை அனுமதித்தது, 2024-ல் மசில்லோடர் வேட்டையிலிருந்து அதைத் திரும்ப எடுத்துவிட்டது. நடுவில் காசு போட்டு ஸ்கோப் வாங்கியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

மிசிசிப்பிக்குப் போனால் வேறு கூத்து. அங்கே அதற்குப் பெயர் ‘ஆதிகால ஆயுதம்’. சுத்தியல் வெளியே தெரிகிற, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற, .35 அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள, பழைய மாதிரியில் செய்த ரைஃபிளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதாவது நீங்கள் கோலால் குத்திக் குத்திக் குண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அடுத்த மரத்தடிக்காரர் பின்பக்கத்தைத் திறந்து பித்தளைத் தோட்டாவைச் செருகி மூடிவிட்டு, ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆதிகாலமாம்!

மேலே முதல் கேள்வி கேட்டவருக்கும் ஒரு தகவல்: அதே பென்சில்வேனியாவில் அக்டோபரில் கொம்பில்லா மானுக்கென்று ஒரு வாரம் மசில்லோடர் காலம் வரும், அதில் இன்லைன் செல்லும். ஒரே மாநிலத்திலேயே இப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, உருண்டைக் குண்டுக்கும் அதே கதிதான். விதி வருஷா வருஷம் மாறும், அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: இன்லைன் துப்பாக்கி தபாலில் வீட்டுக்கே வந்துவிடும், பின்னணிச் சோதனைகூட இல்லை என்கிறார்களே, நிஜமா?

பதில்: மத்திய சட்டத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் நிஜம். 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைப் ‘பழம்பொருள்’ என்று ஒதுக்கி வைக்கிறது. கரிமருந்தோ அதற்கு மாற்றான மருந்தோ போட்டு வாய் வழியாகக் கெட்டிக்கும்படி செய்த, தோட்டா ஏற்காத துப்பாக்கியும் அதே கணக்கில் சேரும். அதனால் போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த இன்லைனும் சட்டத்தின் கண்ணில் பழம்பொருள்! ஆனால் குழலை மாற்றினால் தோட்டா ரைஃபிளாகிவிடும் வகைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. தாம்சன் சென்டர் என்கோர் அப்படிப்பட்டது. அதற்குக் கடை, படிவம், சோதனை எல்லாம் உண்டு. மாநிலச் சட்டமும் குறுக்கே வரும், நியூ ஜெர்சியில் மசில்லோடரும் துப்பாக்கிதான். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு: சாதாரண ரைஃபிள் வைத்திருக்கவே மத்திய சட்டத்தில் தடை உண்டு, மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு கிடைக்கும். விசா விவகாரத்தில் நண்பர்கள் பேச்சைக் கேட்காமல் ஒரு வக்கீலைக் கேளுங்கள். என் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: குண்டை வாய் வழியாகவும் மருந்தைப் பின்பக்கமாகவும் போடும் புது வகை வந்திருக்கிறதாமே?

பதில்: ஆமாம், 2020-ல் வந்தது. டிரெடிஷன்ஸ் கம்பெனியின் நைட்ரோஃபயர் துப்பாக்கி, ஃபெடரல் கம்பெனியின் ஃபயர்ஸ்டிக் மருந்துக் குப்பி. மழையில் நனையாது, அளவு தப்பாது. ஐடஹோவில் வாயிலிருந்து மட்டுமே கெட்டிக்க முடிய வேண்டும் என்பது விதி, ஆகவே அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மத்திய அரசும் இதைப் பழம்பொருளாக ஏற்கவில்லை. நைட்ரோஃபயருக்கு டிரெடிஷன்ஸ், அதாவது ‘மரபுகள்’ என்ற கம்பெனி, நல்ல பெயர்ப்பொருத்தம்.

கேள்வி: நாள் முழுக்க உட்கார்ந்தும் மான் வரவில்லை. கெட்டித்த துப்பாக்கியோடு காரில் ஏறலாமா?

பதில்: பல மாநிலங்களில் கேப்பை எடுத்துவிட்டாலோ, பிளின்ட்லாக்கில் கிண்ணத்து மருந்தைத் தட்டிவிட்டாலோ, அது கெட்டிக்காத துப்பாக்கி என்றே கணக்கு. உள்ளே மருந்தும் குண்டும் இருந்தாலும்கூட. சட்டத்துக்கு அது போதும், எனக்குப் போதாது. வேட்டை நேரம் முடிவதற்குள், பின்னால் நல்ல மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துச் சுட்டுக் காலிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: கேப்லாக். பிளின்ட்லாக் ஆசையை இரண்டு வருஷம் ஒத்திப்போடுங்கள், கல்லைத் தீட்டி அதன் கோணத்தைச் சரிசெய்வதிலேயே முதல் வேட்டைக்காலம் போய்விடும். வாங்கும்போது குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளத்தின் முறுக்கைக் கேளுங்கள். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டைக் குண்டுக்கு, 28-க்கு ஒரு சுற்று என்றால் நீளக் குண்டுக்கும் சபோவுக்கும். உருண்டைக் குண்டைத்தான் சுடப் போகிறீர்கள் என்றால் 28 வேண்டாம்.

இன்னொன்று, இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சாதாரணத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைக் கரிமருந்துத் துப்பாக்கியில் போடவே கூடாது. நிறம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று போட்டவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். கரிமருந்தையும் டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள், உள்ளே பழைய வெடியின் கங்கு ஒன்று மிச்சம் இருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். எட்டிப் பார்க்காதீர்கள். அன்று ராத்திரியே சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள். கரிமருந்தின் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று வைத்தால் குழலுக்குள் துரு ஏறிவிடும்.

கேள்வி: மழை பெய்தால் பிளின்ட்லாக்காரர் என்ன செய்வார்?

பதில்: விசைப் பகுதியைத் தோலுறையால் மூடிக் கட்டுவார், துளையில் ஒரு இறகுத் தண்டைச் செருகி வைப்பார், அரைமணிக்கு ஒருமுறை கிண்ணத்து மருந்தைத் துடைத்துப் புது மருந்து போடுவார். சரியாக அந்த நேரம் பார்த்து மான் வரும்.