லென்டிகுலர் கேலக்ஸி என்றால் என்ன? ஒன்றை எடுத்து விளக்க முடியுமா? அதன் தூரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த என்ஜிசி 4993 என்ற லென்டிகுலர் கேலக்ஸியை வைத்தே சொல்கிறேன். ஹைட்ரா விண்மீன் தொகுதியின் திசையில், சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டு குறித்துவைத்தது.

லென்டிகுலர் வகையைச் சுருள், நீள்வட்டம் என்ற இரண்டு வகைகளுக்கும் நடுவில் வைப்பார்கள். சுருள் கேலக்ஸியில் இருப்பதைப் போலத் தட்டும், நடுவில் உப்பிய பகுதியும் உண்டு. சுருள் கைகள் கிடையாது. புது நட்சத்திரம் பிறக்க வேண்டிய குளிர்ந்த வாயு பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அதனால் நீலமாக ஒளிரும் இளம் நட்சத்திரங்கள் அரிது. படத்தில் 4993 ஒரு மங்கலான மஞ்சள் பொட்டாகத்தான் தெரியும். ஆனால் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களை உற்றுப் பார்த்தால் மையத்தருகே தூசுக் கோடுகளும், வெளிப்புறத்தில் மெல்லிய ஒளி வளைவுகளும் இருக்கின்றன. எப்போதோ இன்னொரு கேலக்ஸியை விழுங்கிய தடயம் அது.

இந்தச் சாதுவான கேலக்ஸியில்தான் அந்தப் பெரிய சம்பவம் நடந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகளில் சுமார் 100 நொடி நீண்ட ஈர்ப்பு அலை, அதாவது விண்வெளியிலேயே பரவும் சிற்றலை, பதிவானது. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சும் மிக அடர்த்தியான கரு) மோதிய அதிர்வு அது. 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் (மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளி) வெடிப்பைப் பிடித்தது. அதாவது அலையும் ஒளியும் 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்து, வெறும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்திருக்கின்றன! இத்தாலியின் விர்கோ கருவியில் சிக்னல் மிகவும் பலவீனமாக இருந்தது. அலை அந்தக் கருவிக்குச் சரியாகக் கேட்காத திசையிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள்; அதுவே தேட வேண்டிய பகுதியைக் குறுக்க உதவியது. சுமார் 11 மணி நேரத்தில் சிலி நாட்டிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கி 4993-இன் மையத்துக்குச் சற்றுத் தள்ளிப் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. நீலமாகத் தொடங்கிய அந்த ஒளி சில நாட்களிலேயே சிவந்தது. கனமான தனிமங்கள் அங்கே உருவாகின்றன என்பதற்கு அது அடையாளம். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்த நிறமாலையில், அப்படிப்பட்ட தனிமமான ஸ்ட்ரான்ஷியம் இருப்பதை 2019-இல் உறுதிசெய்தார்கள்.

சரி, நட்சத்திரப் பிறப்பே ஓய்ந்துபோன இடத்தில் இது எப்படி நடந்தது? நியூட்ரான் நட்சத்திர ஜோடி ஈர்ப்பு அலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழந்துதான் நெருங்கும். அதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள்கூட ஆகலாம். அவை பிறந்த காலத்து வாயு அதற்குள் தீர்ந்துவிடும்.

அப்புறம், தூரம். தூரம் கூடக் கூட ஈர்ப்பு அலை பலவீனமாகும் என்பதால், அதன் வலிமையே ஏறக்குறைய 13 கோடி ஒளியாண்டு என்று சொன்னது. பிறகு கேலக்ஸியின் ஒளி எவ்வளவு புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரிகிறது என்பதை ஹப்பிள் படங்களில் தனியாக அளந்தார்கள்; தூரத்தில் இருக்க இருக்க அது வழவழப்பாகத் தெரியும். அதில் கிடைத்தது 13.3 கோடி ஒளியாண்டு.