சியாட்டில் தபால் வாக்கு: முதல் நாள் முன்னிலை ஏன் நிற்பதில்லை?

2025 நவம்பரில் நடந்த சியாட்டில் மேயர் தேர்தலில் முதல் இரவு அப்போதைய மேயர், மிதவாதி புரூஸ் ஹாரல் நல்ல முன்னிலையில் இருந்தார். நாளுக்கு நாள் அது கரைந்து, கடைசியில் இடதுசாரியான கேட்டி வில்சன் 2,011 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சியாட்டில் அடங்கிய கிங் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) எண்ணிக்கை மையத்தில் பார்வையாளராக நின்று பார்த்தவள் என்ற ஒரே தகுதிதான் எனக்கு.

கேள்வி (பெல்வியூ): அக்கா, ராத்திரி ஏழு சதவீதம் முன்னால் இருந்தவர் ஒரு வாரத்தில் எப்படித் தோற்பார்? எங்கள் வீட்டில் எல்லாரும் "உள்ளே ஏதோ நடந்திருக்கு" என்கிறார்கள்.

பதில்: உள்ளே நடந்தது எண்ணிக்கைதான். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் முழுக்கத் தபால் வாக்கு என்று 2011இலேயே சட்டமாகிவிட்டது. தேர்தலுக்குப் பதினெட்டு நாள் முன்பே வாக்குச்சீட்டைத் தபாலில் சேர்த்துவிடுவார்கள். நிரப்பி டிராப் பாக்ஸில் (தேர்தல் அலுவலகம் வைக்கும் வாக்குப் பெட்டி) போடுவதென்றால் தேர்தல் நாள் இரவு 8 மணி வரை போடலாம். தபாலில் அனுப்பினால் அன்றைய தேதியோ அதற்கு முந்தைய தேதியோ முத்திரையில் இருக்க வேண்டும்.

கிங் கவுன்டி தேர்தல் இரவு 8.15க்கு ஒரே ஒரு முறை முடிவு வெளியிடும். அதில் இருப்பவை முன்னாடியே வந்து, உறையில் உள்ள கையெழுத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிட்டு, உறை பிரித்து, ஸ்கேன் செய்து முடித்த சீட்டுகள். கடைசி நாள் பெட்டியில் விழுந்த குவியல் அடுத்தடுத்த நாட்களில்தான் கணக்கில் ஏறும். இதைத் "தாமதமாக வந்த வாக்கு" என்று சொல்லும்போதே குழப்பம் ஆரம்பிக்கிறது. அவை நேரத்துக்கு வந்த வாக்குகள், எண்ணத்தான் நாளாகிறது.

சரி, ஏன் ஒரே பக்கம் சாய்கிறது? சீக்கிரம் அனுப்புகிறவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் அதிகம். கடைசி நாள் பெட்டிக்கு ஓடுகிறவர்களில் இளவட்டமும் வாடகைக்கு இருப்பவர்களும் அதிகம். சியாட்டிலில் முதல் கூட்டம் மிதவாதிக்குப் போடும், இரண்டாவது கூட்டம் இடதுசாரிக்குப் போடும். ஹாரலுக்கும் இது தெரியும். நவம்பர் 13 அன்று தோல்வியை ஏற்றுக்கொண்டு பேசினார்.

கேள்வி (சென்னை): க்ஷமா சாவந்த் விஷயத்திலும் இப்படித்தான் ஆனது என்கிறார்களே. அவர் தமிழர்தானே?

பதில்: ஆமாம், புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சியாட்டில் நகர கவுன்சிலராக இருந்தவர். இந்த விஷயத்துக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஏனென்றால் ஒரே ஆளுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறது.

2013இல் நான்கு முறை ஜெயித்த கவுன்சிலர் ரிச்சர்ட் கான்லினை எதிர்த்து நின்றார். முதல் இரவு ஏழெட்டு சதவீதப் புள்ளி பின்னால். "சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு வாங்கியதே பெரிது" என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்தன. பத்து நாளில் கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதி வித்தியாசம் சுமார் 3,150 வாக்கு. 2019இல் ஈகன் ஓரியனிடம் முதல் இரவு எட்டுப் புள்ளிக்கு மேல் பின்தங்கி, முடிவில் நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021 டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு நடந்தது. முதல் இரவு "இறக்கு" என்ற பக்கம் 53 சதவீதம். கடைசியில் வெறும் 310 வாக்கில் அவர் பதவி தப்பியது.

அவருடைய அரசியல் பிடிக்காதவர்கள் நிறையப் பேர், எனக்கே பல விஷயத்தில் உடன்பாடு கிடையாது. ஆனால் மூன்று தேர்தல், வேறு வேறு எதிராளி, ஒரே விதமான ஏற்றம். ஓர் இரவு திருட்டில் இப்படி வராது. வாக்காளர்களின் பழக்கம்தான் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும்.

கேள்வி (ரென்டன்): அப்படியானால் தபால் வாக்கைச் சந்தேகிக்கவே கூடாது என்கிறீர்களா?

பதில்: சந்தேகப்படுங்கள், ஆனால் சரியான இடத்தில். எண்ணிய வாக்கைவிட எண்ணாமல் ஒதுக்கிய வாக்கில்தான் தகராறு இருக்கிறது. இதற்கு மாநிலத்தின் பெரிய பாடம் 2004 கவர்னர் தேர்தல்.

முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸி 261 வாக்கில் முன்னிலை. இயந்திர மறுஎண்ணிக்கையில் அது 42 ஆனது. ஜனநாயகக் கட்சி 7 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் கட்டிக் கையால் எண்ண வைத்தது. அது நடக்கும்போதுதான் கிங் கவுன்டி கவுன்சில் தலைவர் லாரி பிலிப்ஸ் செல்லாத வாக்குப் பட்டியலில் தன் பெயரே இருப்பதைப் பார்த்தார்! தோண்டிப் பார்த்தால், நூற்றுக்கணக்கானவர்களின் பழைய கையெழுத்து கம்ப்யூட்டரில் ஏற்றப்படவில்லை. ஒப்பிட ஒன்றும் இல்லை என்று அவர்கள் வாக்கை ஒதுக்கிவிட்டார்கள். காகிதக் கோப்பைப் போய்ப் பார்க்கவில்லை.

அவற்றை எண்ணக் கூடாது என்று குடியரசுக் கட்சி கோர்ட்டுக்குப் போனது, கீழ்க் கோர்ட்டில் தடையும் வாங்கியது. மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. கிறிஸ்டீன் கிரெகோயர் 129 வாக்கில் கவர்னரானார், கிட்டத்தட்ட 28 லட்சம் வாக்கில்.

ராஸி தரப்பு விடவில்லை, 2005இல் வழக்கு நடந்தது. வாக்குரிமை இல்லாத தண்டனைக் கைதிகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தது உண்மை என்று நீதிபதி ஜான் பிரிட்ஜஸே சொன்னார். ஆனால் அந்த வாக்குகள் யாருக்கு விழுந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளினார். ராஸி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. கவனியுங்கள், ஓட்டை இருந்தது நிஜம், அலட்சியம் நிஜம், சதி மட்டும் நிரூபணமாகவில்லை. தெருவில் கத்துகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

கேள்வி (கிர்க்லாண்ட்): என் கையெழுத்து பாஸ்போர்ட்டில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று. வாக்கு போய்விடுமா அக்கா?

பதில்: உடனே போகாது. பொருந்தவில்லை என்றால் கடிதம் வரும், நம்பர் கொடுத்திருந்தால் போனும் வரும். கூட வரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, முடிவு சான்றளிக்கப்படுவதற்கு முந்தைய நாளுக்குள் அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். நவம்பர் பொதுத் தேர்தலில் சான்றளிப்பு இருபத்தோராவது நாள், அதனால் அவகாசம் இருக்கிறது. வித்தியாசம் குறைவாக இருந்தால் கட்சிக்காரர்களே பட்டியலோடு உங்கள் கதவைத் தட்டுவார்கள். அது முறைகேடு இல்லை, சட்டப்படியான வேலை.

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல். இனிஷியலா அப்பா பெயரா என்பதிலேயே இரண்டு விதம், வந்த புதிதில் முழுப் பெயர், பத்து வருடம் கழித்து ஒரு கிறுக்கல். மாநிலத் தணிக்கையாளர் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கறுப்பினத்தவரின் வாக்கு வெள்ளையரைவிட நான்கு மடங்கு அதிக விகிதத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆசிய வம்சாவளியினர், இளைஞர்கள் வாக்கும் அதிகம் தள்ளப்பட்டிருந்தது. ஊழியர்கள் பாரபட்சம் காட்டியதாகத் தணிக்கையில் தெரியவில்லை. கையெழுத்துச் சரிபார்ப்பையே நீக்கச் சொன்ன வழக்கை 2025இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. என் கருத்து, சரிபார்ப்பு இருக்கட்டும், ஆனால் தள்ளிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சொல்லும் செலவைக் கவுன்டி ஏற்க வேண்டும்.

கேள்வி (டகோமா): கடைசி நாள் சாயங்காலம் தபால் பெட்டியில் போட்டால் போதுமா?

பதில்: வேண்டாம். பெட்டியில் போட்ட தேதியும் முத்திரைத் தேதியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. தபால் துறையே 2025 டிசம்பரில் விதியில் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. டிராப் பாக்ஸுக்குப் போங்கள். இல்லையென்றால் கவுன்ட்டரில் கேட்டுக் கையால் முத்திரை குத்தி வாங்குங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): எங்கள் ராதாபுரத்தில் நடந்ததும் இதுதானே மேடம்?

பதில்: நெருங்கிய சொந்தம்! 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 வாக்கில் ஜெயித்தார். செல்லாது என்று தள்ளப்பட்ட தபால் வாக்கு 203. தபால் வாக்காளர்களின் உறுதிமொழியில் சான்றுக் கையெழுத்திட்ட நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியருக்குச் சான்றளிக்கும் தகுதி உண்டா என்பதுதான் வழக்கு. உண்டு என்று சொல்லி, 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பதவிக்காலம் 2021இல் முடிந்து, அடுத்த தேர்தலில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகரும் ஆகிவிட்டார்.

வேறுபாடு ஒன்றே. நம் ஊரில் தபால் வாக்கைக் காலை 8 மணிக்கு முதலில் எடுப்பார்கள், எண்ணிக்கை தொடங்கிய பிறகு வந்தது செல்லாது. அதனால் பின்னால் முன்னிலை மாறும் நாடகம் குறைவு. ஆனால் சண்டை கையெழுத்தில்தான், இங்கேயும் அங்கேயும்.

கேள்வி (பெல்வியூ): தேர்தல் நாளுக்குப் பிறகு வரும் வாக்கே கூடாது என்று மேல் கோர்ட் சொன்னதாமே?

பதில்: அது மிசிசிப்பி வழக்கு. அங்கே தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருந்தால், வாக்கு வந்து சேர ஐந்து வேலை நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அது கூடாது என்று 2024 அக்டோபரில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்தது. அந்தக் கூட்டாட்சிச் சட்டம் பேசுவது அதிபர், காங்கிரஸ் தேர்தல் நாளைப் பற்றி. நகர கவுன்சில், மேயர் பதவிகளுக்கு மாநிலச் சட்டம்தான். ஆனால் ஒரே காகிதத்தில் இரண்டும் இருக்கும் வருடங்களில் இரண்டு கெடு வைத்து நடத்துவது எந்த அதிகாரிக்கும் தலைவலி.

கேள்வி (ரென்டன்): 2,011 வாக்குதான் வித்தியாசம் என்றால் ஏன் மறுஎண்ணிக்கை இல்லை?

பதில்: தானாக இயந்திர மறுஎண்ணிக்கை நடக்க, வித்தியாசம் 2,000 வாக்குக்குக் கீழேயும் அரை சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும், இரண்டுமே. மேயர் தேர்தல் இரண்டையும் தாண்டிவிட்டது. பணம் கட்டி வேட்பாளரோ கட்சி நிர்வாகியோ கேட்கலாம். ஆனால் மறுஎண்ணிக்கையில் ஆயிரக்கணக்கில் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 ஆகஸ்டில் மாநில நில ஆணையர் முதல்சுற்றில், இறுதிச் சுற்றுக்குத் தகுதி தரும் இரண்டாம் இடத்துக்கு 51 வாக்கு வித்தியாசம். 19 லட்சம் வாக்கைக் கையால் எண்ணிய பிறகு அது 49 ஆனது. ராதாபுரத்து எண்ணேதான், தற்செயல்.

கேள்வி (சென்னை): சரிசமமாக வந்தால்?

பதில்: பல மாநிலங்களில் குலுக்கல்தான். 2017இல் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் தொகுதியில் தலா 11,608 வாக்கு. 2018 ஜனவரியில் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்தார்கள், டேவிட் யான்சி பெயர் வந்தது. மாநில அவையில் பெரும்பான்மையே அந்தச் சீட்டில் தொங்கியது. தோற்ற ஷெல்லி சைமண்ட்ஸ் 2019இல் மறுபடி நின்று அவரைத் தோற்கடித்தார்.