பால் பல் விழும் முன்பே பின்னால் புதுப் பல்: பிடுங்கிவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது. கீழ் வரிசையில் முன்பல் இரண்டும் இன்னும் விழவில்லை, லேசாக ஆடுகின்றன. அதற்குள் உள்பக்கம், நாக்கை ஒட்டி, இரண்டு புதுப் பற்கள் எட்டிப் பார்க்கின்றன. உடனே பிடுங்காவிட்டால் பல் கோணலாகிவிடும் என்கிறார் மாமியார். புதுப் பல் மஞ்சளாகவும் ஓரத்தில் ரம்பம் போலவும் வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: பயப்படாதீர்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை இதே பதற்றத்தோடு அழைத்து வரும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும்.

பால் பல் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். பால் பல்லுக்கும் நீளமான வேர் உண்டு. கீழேயிருந்து நிலைப் பல் மேலேறி வரும்போது அந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வேர் முழுக்கக் கரைந்ததும் பல் வெறும் ஈறைப் பிடித்துக்கொண்டு ஆடும், பிறகு விழும். விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "வேர் உள்ளேயே உடைந்து தங்கிவிட்டதா டாக்டர்?" என்று கேட்பார்கள். தங்கவில்லை, கரைந்துவிட்டது. கீழ் நிலை முன்பற்கள் இயல்பிலேயே பால் பல் வேருக்குச் சற்று உள்பக்கமாக உருவாகின்றன. அதனால் சில பிள்ளைகளுக்கு வேர் சரியாகக் கரைவதற்குள் அவை நாக்குப் பக்கம் வெளியே வந்துவிடும். பால் பல் விழுந்து இடம் கிடைத்ததும், நாக்கு நாள் முழுக்கத் தள்ளித் தள்ளியே அவற்றை முன்னால் கொண்டுவந்துவிடும். விழுந்த இடத்தை நாக்கால் துழாவினால் பல் தூக்கிக்கொள்ளும் என்று பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை.

ஆக, உங்கள் மகனுக்கு இப்போது பிடுங்கத் தேவையில்லை. கையைக் கழுவிவிட்டு அந்தப் பல்லை அவனே ஆட்டிக்கொண்டிருக்கட்டும். கொய்யா, கேரட் என்று கடித்துத் தின்னக் கொடுங்கள். நூல் கட்டி இழுப்பது மட்டும் வேண்டாம். பாதி வேர் மிச்சமிருந்தால் ஈறு கிழியும், வலியும் இருக்கும். அதைவிட, பல் என்றாலே பிள்ளை பயப்பட ஆரம்பித்துவிடும். தானாக விழும்போது ரத்தம் வந்தால், சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், நின்றுவிடும். அப்புறம் பல்லைக் கூரை மேல் வீசும் சடங்கை விட்டுவிடாதீர்கள். பல் விழுவதைப் பிள்ளைக்குக் கொண்டாட்டமாக மாற்றும் பழக்கம் அது.

எவ்வளவு நாள் பொறுப்பது? இரண்டு, மூன்று மாதமாகியும் ஆட்டம் கூடவில்லை என்றாலோ, சாப்பிட முடியாமல் வலித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மேல் முன்பல்லில் இப்படி நடந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டிவிடுவது நல்லது. பின்னால் முளைத்த மேல் பல், கீழ் பல்லுக்கு உள்பக்கமாகச் சிக்கிக்கொண்டால் தானாக முன்னால் வராது.

மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பல் கோணலாகத்தான் அமைகிறது. ஆனால் அதற்குக் காரணம் பால் பல் தாமதமாக விழுந்தது அல்ல, தாடையில் இடம் போதாதது. கீழே வரும் நான்கு நிலை முன்பற்களின் மொத்த அகலம், அதே இடத்தில் இருந்த பால் பற்களைவிட ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அதிகம். பால் பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் தாடை வளர்ச்சியும்தான் அதை ஈடுகட்ட வேண்டும். பிடுங்குவதால் தாடை பெரிதாகிவிடாது.

மஞ்சள் நிறமும் இயல்பானதுதான். நிலைப் பல்லின் எனாமல் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். அதற்குக் கீழே இருக்கும் மஞ்சளான டென்டின் பகுதியும் பால் பல்லில் இருப்பதைவிடத் தடிமன். பால் வெள்ளைப் பல்லுக்குப் பக்கத்தில் நிற்பதால் இன்னும் மஞ்சளாகத் தெரிகிறது. ரம்பம் போன்ற மூன்று சிறு மேடுகள் கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று இரவு டார்ச் அடித்து மகனின் கடைவாயைப் பாருங்கள். கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், இரண்டு பக்கமும், மேலும் கீழும் புதிதாக ஒரு பெரிய பல் முளைத்திருக்கலாம், அல்லது முளைத்துக்கொண்டிருக்கலாம். இதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் வந்ததே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும், "பால் பல்தானே, சொத்தையானால் விழுந்து வேறு முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது. அது வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல். எட்டு, ஒன்பது வயதில் அந்தப் பல் குழி விழுந்து, வலியோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும்.

அந்தப் பல்லின் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. முழு உயரத்துக்கு வளரும்வரை அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும், பிரஷ் அதைத் தொடாமலே மேலோடு போய்விடும். பிரஷ்ஷை வாயின் ஓரத்திலிருந்து குறுக்காக உள்ளே விட்டு அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். நீங்களே தேய்த்துவிடுங்கள், ஆறரை வயதுக் கைக்கு அந்த வேலை இன்னும் பிடிபடாது. ஃபுளோரைடு உள்ள பற்பசை, பட்டாணி அளவு போதும். பல் நன்றாக வெளியே வந்ததும், பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சைப் போட்டுக்கொள்ளலாம். ஊசி, வலி எதுவும் கிடையாது.

முன்னால் உள்ள பால் கடைவாய்ப் பற்களையும் கவனியுங்கள். அவை விழுவது பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான். அதாவது உங்கள் மகன் இன்னும் நான்கைந்து வருடம் அவற்றை வைத்துத்தான் சாப்பிட வேண்டும். சொத்தை என்று இப்போதே எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் புதுப் பெரிய பல் அந்தக் காலி இடத்துக்குள் முன்னால் சாய்ந்துவிடும். கீழிருந்து வர வேண்டிய பல்லுக்கு வழி இருக்காது. கோணல் பல்லுக்கு இது பெரிய காரணம். சொத்தை இருந்தால் அடைத்தோ, வேர் சிகிச்சை செய்தோ காப்பாற்றப் பாருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடத்தைப் பிடித்து வைக்கும் கம்பி வளையம் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்றால் அவருக்குப் புரியும்.

ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் பெரிதாக, நடுவில் இடைவெளியோடு, விசிறி போல விரிந்து வரும். அப்போதும் உடனே கம்பி போட ஓட வேண்டாம். கோரைப்பல் இறங்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில் பலருக்கு அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். ஒரு பக்கப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் அதே பல் வரவில்லை என்றால் மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.