கதைகளில் வில்லன் கோபப்பட்டால் பின்னால் ஏன் தீ எரிகிறது?
முக்கியக் காரணம் வெளிச்சம் வரும் திசைதான். மேலிருந்து ஒளி விழும் முகங்களைத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். தீ கீழிருந்து எரிந்தால் புருவ நிழல் மேல்நோக்கி ஏறும், தெரிந்த முகமே அந்நியமாகிவிடும். பின்னால் எரிந்தால் முகம் இருண்டு உருவம் மட்டும் நிற்கும். சுடர் ஆடுவதால் நிழலும் அடங்காது.

ஆனால் நெருப்பை வில்லனுக்கே எழுதிக்கொடுக்க எனக்கு மனசில்லை. எங்கள் வேலூர், வடார்க்காடு பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பல இரவுகள் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் வீழ்ந்ததும் பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிவாள். அப்புறம்தான் தீமிதி. அந்தத் தணலை, வேள்வித் தீயில் பிறந்த பாஞ்சாலியின் கோபமாகத்தான் நான் பார்க்கிறேன். மதுரையை எரித்த கண்ணகியின் தீயும் அதே இனம்.