வெள்ளம், ஊரடங்கு மாதிரி நேரத்தில் உள்ளூர்க் கடைகளுக்கும் டெலிவரி ஆட்களுக்கும் நாம் எப்படி உதவலாம்?

முதலில் கடையில் பற்று இருந்தால் தீர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் சுசீந்திரம் பக்கம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று போன கரண்ட் எங்கள் தெருவுக்குத் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஏடிஎம் வேலை செய்யவில்லை, கையில் இருந்த பணம் இரண்டாம் நாளே காலி. முக்கில் இருக்கும் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் அரிசி, மெழுகுவர்த்தி, பால்பொடி எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு தந்தார். "பைசா இப்ப யாரு கேட்டா, கொண்டு போங்க." எனக்கு மட்டும் இல்லை, வாழை மொத்தமும் சாய்ந்து கிடந்தவர்களுக்கும், வேலையில்லாமல் வீட்டில் இருந்த கொத்தனார்களுக்கும் அப்படித்தான். சம்பளம் வந்தும் நான் சாவகாசமாக மூன்று வாரம் கழித்துப் போனேன். என் பெயர் எழுதிய பக்கத்தில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. அன்றைக்குத்தான் தெரிந்தது, கோட்டாறில் மொத்தச் சரக்கு எடுக்க ரொக்கம் இல்லாமல் அவர் வீட்டு நகையை அடகு வைத்திருக்கிறார் என்று. எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

அதனால் 2020 ஊரடங்கில், மாதச் சம்பளம் நிற்காத நாங்கள் நாலைந்து வீட்டுக்காரர்கள் மாதத் தொடக்கத்திலேயே மூவாயிரம் வீதம் அவரிடம் கொடுத்துவிட்டு, சாமான் வாங்க வாங்கக் கழித்துக்கொண்டோம். சின்னக் கடைக்கு லாபத்தைவிட, சரக்கு எடுக்கக் கையில் முதல் இருப்பதுதான் பெரிய விஷயம். நான் ஜிபே பண்ணவா என்று கேட்டதற்கு, "பேங்குல போட்டா லோனுக்குப் பிடிச்சிருவான், பைசாவா தாங்க" என்றார். எப்படிக் கொடுத்தால் வசதி என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மீன் கொண்டு வருகிற அம்மாவிடம் அந்தச் சமயத்திலாவது பேரம் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

டெலிவரி ஆட்கள் கதை வேறு. 2021 நவம்பர் மழையில் பழையாறு ஏறி வயல் ரோடு முழுக்கத் தண்ணீர் நின்றபோது, சாப்பாடு கொண்டு வந்த பையன் மேப் காட்டிய வழியிலேயே வந்து, சைலன்சரில் தண்ணீர் போய் நின்ற பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். போனைப் பாலிதீன் கவருக்குள் சுற்றி வைத்திருந்தான், பார்சல் மட்டும் நனையவே இல்லை. ரோட்டில் தண்ணீர் இருப்பது எனக்குத் தெரியும், ஒரு போன் போட்டுச் சொல்லத்தான் தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஆர்டர் ஏற்றவுடனே கூப்பிட்டு, "தம்பி, வயல் வழியா வராதீங்க, மெயின் ரோட்டில் நில்லுங்க, நானே வாரேன்" என்று சொல்லிவிடுவேன்.

பாவம் என்று ஆர்டரே போடாமல் இருப்பதும் உதவி இல்லை, அவர்களுக்கு ஆர்டருக்குத்தான் கூலி. புயல் எச்சரிக்கை இருக்கிற நாளை விட்டுவிடுங்கள். சாதாரண மழையென்றால் இருட்டுவதற்கு முன்னால் போடுங்கள், டிப்ஸைக் கையில் கொடுங்கள், லேட் ஆனதற்கு ஸ்டாரைக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று, 2023-ல் தமிழக அரசு இவர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதிந்தவர்களில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எங்கள் பக்கம் வருகிற பையன்களில் நான் கேட்ட மூன்று பேருக்கும் வாரியம் இருப்பதே தெரியவில்லை. பார்சலை வாங்கும்போது பதிந்தாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.